இல்லாத நாற்பத்தொரு பேல்கள்

அந்தம்மா எங்கள் குடோனுக்கு வந்த முதல் நாள், கைப்பையை மாட்டப் போய், மாட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவரில் மூன்று ஆணிகள் இருந்தன. ஒன்றில் காலண்டர், ஒன்றில் சாவிக்கொத்து, மூன்றாவது சும்மா இருந்தது. அந்தச் சும்மா ஆணியைக் காட்டி, "அண்ணாச்சி, இது யாருக்காக அடிச்சது?" என்று கேட்டார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. குடோனின் அந்த ஆபீஸ் அறையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவன் நான். எத்தனை ஆணி என்று கேட்டிருந்தால் திரும்பிப் பார்க்காமல் சொல்லியிருப்பேன். யாருக்காக என்று எனக்குத் தெரியாது. லோடுமேன் முத்தையாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். பழைய வாட்ச்மேன் குடை மாட்டுவதற்காக அடித்தது என்றும், அவர் வேலையை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது என்றும், குடையையும் கொண்டுபோய்விட்டார் என்றும் முத்தையா சொன்னார்.

"அப்பம் சரி" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டினார்.

இதைச் சொன்னால் அவரைப் பற்றி முக்கால்வாசி சொன்னதாக ஆகிவிடும். மீதிக் கால்வாசிக்குத்தான் இவ்வளவும்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் பார்த்தேன். தறியிலிருந்து வந்து, வெளுத்து, வெட்டி, உருட்டி, பெரிய பொதியாகப் பேல் கட்டிய சரக்கு என் குடோனுக்கு வரும். இங்கிருந்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். அகலம், நீளம், மடிப்பு என்று பார்த்தால் நாற்பத்தொரு ரகம். எந்த ரகத்தில் எத்தனை பேல் இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள் வரும். ஒன்றை அழுத்தினால் வரவு, இரண்டை அழுத்தினால் அனுப்புதல். மவுஸ் கிடையாது. அதை எழுதிக் கொடுத்த மதுரைக்காரர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டருக்கு உதிரிப் பாகம் கிடைக்காமல் இரண்டு முறை சேலம் வரை போய் வாங்கி வந்தோம்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வாங்குகிற ஒரு கம்பெனி, எங்கள் இருப்பைத் தங்கள் ஊரிலிருந்தே திரையில் பார்க்க வேண்டும் என்றது. பார்ப்பதோடு நிற்காமல், ஆள் அனுப்பி குடோனிலும் எண்ணிப் பார்ப்பார்களாம். அதற்குத் தை மாதத்தில் தேதி குறித்தார்கள். அதற்குள் கறுப்புத் திரையை எடுத்துவிட்டு, இன்டர்நெட்டில் திறக்கிற மாதிரி புதிதாக எழுதித் தருவதற்காக முதலாளி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அந்தம்மாவை வரவழைத்தார்.

தினமும் பஸ்ஸில் வருவார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறவர் என்றைக்காவது பால்கோவா கொண்டுவருவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். நான்கு மாதம் வந்தார். ஒரு தடவையும் கொண்டுவரவில்லை. அறையில் இரண்டு நாற்காலிகள்தான். ஒன்று என்னுடையது, இன்னொன்று கால் ஆடும். முத்தையா ஒரு பேலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு, மேலே சாக்கை விரித்து, "ஒக்காருங்கக்கா, நாற்காலிய விட இது பதமா இருக்கும்" என்றாராம். அதில்தான் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொள்வார். வயது முப்பத்தாறு, முப்பத்தேழு இருக்கும்.

பிரேம்வொர்க் என்ற ஒன்றை வைத்து எழுதுவதாகச் சொன்னார். அது என்ன என்று கேட்டேன்.

"கயித்துக் கட்டில் மாதிரி அண்ணாச்சி. காலும் சட்டமும் செஞ்சே வந்துரும். கயிறு மட்டும் நாம கட்டணும். எம்புட்டு இறுக்கம்னு படுக்கவுகளக் கேட்டுக் கட்டணும்."

கயிறு கட்ட நான்கு மாதமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் படுக்கிறவர் யார் என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

முதல் மூன்று வாரம் ஒரு வரிகூட எழுதவில்லை. நான் என்ன அழுத்துகிறேன் என்று பக்கத்திலிருந்து பார்ப்பார். நோட்டில் குறிப்பார். ஒவ்வொரு குறிப்புக்கும் கேள்வி ஒன்றுதான். இந்த ஆறாம் எண் யாருக்காக? அனுப்பும்போது வண்டி எண்ணை இரண்டு முறை கேட்கிறதே, யாருக்காக? பட்டியல் இருபது வரி வந்ததும் நின்று, எண்டர் அழுத்தச் சொல்கிறதே, யாருக்காக?

அது எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் எனக்குத் திரையில் வேகமாக வாசிக்க வராது. இருபது வரிக்கு மேல் ஓடினால் தவறவிட்டுவிடுவேன் என்று மதுரைக்காரரிடம் சொல்லி நிறுத்தச் சொன்னேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

"இப்ப வேகமா வாசிப்பியளா?"

"வாசிப்பேன்."

"அப்பம் எடுத்துரட்டுமா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, இருக்கட்டும் என்றேன். புதிய புரோகிராமிலும் இருபது வரியில் நின்றது.

முதலாளிக்கு இந்தப் போக்குப் பிடிக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் வாய்க்குள் தெலுங்கில் எண்ணுவார். வீட்டுப் பாஷை. பத்து வரை எண்ணிவிட்டுப் பேச வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் நான்கைத் தாண்டமாட்டார். வாரம் ஒரு முறை வந்து, "உபயோகம் இல்லாததையெல்லாம் தூக்கிப் போட்டு எழுதும்மா, தை பொறந்துரும்" என்பார். அந்தம்மாவும், "சரிங்க, உபயோகம் இல்லாதது எதுன்னு சொல்லுங்க" என்பார். முதலாளி மூன்று வரை எண்ணிவிட்டுப் போய்விடுவார்.

ஒரு நாள் சாப்பிடும்போது அந்தம்மாவாகவே ஒன்று சொன்னார். டிபன் பாக்ஸில் எப்போதும் தக்காளிச் சாதம்தான், ஐந்து நாளில் நாலு நாள். முன்பு ஒரு காஸ் ஏஜென்சிக்குப் புரோகிராம் மாற்றிக் கொடுத்தாராம். பழையதில் ஒரு வரி எதற்கென்றே தெரியாமல் கிடந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டார். அந்த வரி கூமாப்பட்டிக்காக இருந்தது. பாதை மோசமாக இருந்த காலத்தில் அந்த ஊருக்கு மட்டும் வேறு நாளில் வண்டி போகும்படி யாரோ எழுதி வைத்திருந்தார்கள். வரியை எடுத்த பிறகு கூமாப்பட்டி எந்த நாளிலும் வரவில்லை. ஐந்து நாள் சிலிண்டர் போகவில்லை. போகாத வீடுகளில் ஒன்று கல்யாண வீடு.

"நான் போனேன் அண்ணாச்சி. மண்டபத்துக்குப் பின்னால விறகு வச்சுப் பொங்கிக்கிட்டு இருந்தாக. நான்தான் காரணம்னு சொன்னேன். பொண்ணோட அம்மா, சாப்பிட்டுட்டுப் போம்மான்னு எலை போட்டாக."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். பொகை வாசம்."

 டப்பாவை மூடி வைத்துவிட்டார்.

மார்கழியில் புதிய புரோகிராம் ஓட ஆரம்பித்தது. முப்பது நாள் இரண்டிலும் ஏற்ற வேண்டும், சாயங்காலம் இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும், முப்பது நாளும் பொருந்தினால்தான் கறுப்புத் திரையை அணைக்கலாம் என்பது அந்தம்மா போட்ட விதி. பழைய இருப்பை அப்படியே புதியதற்குள் கொண்டுவந்திருந்தார். பத்தொன்பது நாள் பொருந்தியது. நாள்களை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்துக்காக எண்ணவில்லை.

இனி என் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

கம்பெனியில் எனக்கு 'எண்ணிக்கை' என்று பட்டப்பெயர். லாரி வந்தால் டயரை எண்ணுவேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனி கேட்டுக்கு எத்தனை எட்டு என்று இப்போதும் சொல்வேன். அப்படிப்பட்ட என் இருப்பில், ஒவ்வொரு ரகத்திலும் இல்லாத பேல் ஒன்று இருந்தது. நாற்பத்தொரு ரகம், நாற்பத்தொரு பேல்.

பழைய புரோகிராமுக்குப் பூஜ்யம் ஆகாது. ஒரு ரகத்தின் இருப்பு பூஜ்யமானால், அந்த ரகம் முடிந்துவிட்டது என்று அதுவாகவே மூடிவிடும். திறக்க ஒரு ரகசியச் சொல் வேண்டும். அது மதுரைக்காரரோடு போய்விட்டது. அவர் இருந்தபோது ஒரு முறை ஆறு அங்குல ரகம் அப்படி மூடிக்கொண்டு, பேல் வந்து இறங்கியும் ஏற்ற முடியாமல், அவர் வந்து திறக்கும் வரை இரண்டு நாள் லாரி நின்றது. அதன் பிறகு எல்லா ரகத்திலும் வராத பேல் ஒன்றை வரவு வைத்தேன். திரை ஒன்று என்றால் கையில் பூஜ்யம். திரை பதினெட்டு என்றால் கையில் பதினேழு. நான் மனதில் ஒன்றைக் கழித்துக்கொள்வேன். வருடத்துக்கு ஒரு முறை எண்ணி எழுதும் தாளில் ஒன்றைக் கூட்டி எழுதுவேன். முதலாளி கையெழுத்துப் போடுவார். யாரிடமும் சொன்னதில்லை. முதல் வருடம் சொல்லியிருக்கலாம். பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது.

இப்போது வெளியாள் வந்து எண்ணப் போகிறார். நாற்பத்தொரு பேல் காணோம் என்பார். எனக்கு ஓய்வு பெறப் பதினோரு மாதம் இருந்தது. ஸ்டோர்ஸ்காரன் குடோனில் நாற்பத்தொரு பேல் குறைந்தால், அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான்.

இருபதாம் நாள் காலையில் அந்தம்மா, ரகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று திரையில் காட்டுவதற்காகக் குடோனுக்குள் போனார். நானும் பின்னால் போனேன். நாலு அங்குலம் சிவப்புக் கரை, திரையில் ஒன்று. அடுக்கு காலியாக இருந்தது. வண்டியில் ஏறியிருக்கும் என்றேன். அடுத்ததில் பதினெட்டுக்குப் பதினேழு. அதற்கடுத்ததில் இருபத்து நாலுக்கு இருபத்து மூன்று. நோட்டை மூடிவிட்டுத் திரும்பி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. எதையும் கேட்கிறவர் கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? அன்றைக்கு மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

பழைய புரோகிராமின் வரிகள் முழுவதும் அச்சடித்த ஒரு மடிப்புத் தாள் கட்டு பீரோவில் இருந்தது. முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம். அதை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் வாசித்தார். எனக்கு அந்த இரண்டு நாளும் ஒன்றும் ஓடவில்லை. முத்தையா வந்து, "என்ன அண்ணாச்சி, எமன் கணக்கு வாசிக்க மாதிரி அந்தக்கா வாசிக்காக, நீங்க மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கிய" என்றார். போய் லாரியைப் பார் என்று விரட்டினேன்.

இரண்டாம் நாள் மூன்று மணிக்கு ஒரு பக்கத்தை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, அந்த ஒண்ணு யாருக்காக வச்சிருக்கிய?"

பேல் எங்கே என்று கேட்டிருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். கறுப்புத் திரையைக் கையால் காட்டினேன்.

"இதுக்காக."

தலையை ஆட்டினார். எத்தனை ரகத்தில் என்று கேட்டார். சொன்னேன். அதோடு வாய் திறந்துகொண்டது. புதியதில் ஒரே வரியில் நாற்பத்தொன்றையும் கழித்துவிடலாமே, ஒரு பத்து நொடி வேலைதானே, யாருக்கும் தெரியாதே என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்கு. கெஞ்சினேன்.

"கழிக்கலாம். ஒரு நா நாப்பத்தொண்ணு கூட இருந்துச்சு, மறுநா இல்லன்னு அதுல நிக்கும். பத்து வருசம் கழிச்சு எவனாச்சும் பாத்தாம்னா களவுன்னுதான் சொல்லுவான். அன்னைக்கு நீங்க இருக்க மாட்டிய, இல்லன்னு சொல்லுததுக்கு."

"பொறவு என்ன செய்ய?"

"முதலாளிட்ட சொல்லுங்க. எண்ணிப் பாக்கட்டும். ஒவ்வொண்ணா கழிப்போம், காரணம் போட்டு."

மறுநாள் காலை முதலாளியிடம் சொன்னேன். நின்றுகொண்டு சொன்னேன்; அந்தம்மா பக்கத்தில் இருந்தார். முதலாளி எண்ண ஆரம்பித்தார். நான்கைத் தாண்டினார். ஏழில் கொஞ்சம் நின்றார். பத்து வரை போனார். அவரிடம் நான் வேலை பார்த்த காலத்தில் அது ஒரு முறைதான் நடந்தது.

"நாப்பத்தொண்ணா?"

"நாப்பத்தொண்ணு, முதலாளி."

"நாப்பத்தொண்ணு மட்டுமா?"

அந்த 'மட்டுமா' எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.  அந்தம்மாதான் பதில் சொன்னார். எல்லா ரகத்திலும் சரியாக ஒன்று குறைந்தால் அது புரோகிராமுக்காக வைத்தது, ஏதாவது ஒன்றில் இரண்டு குறைந்தால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும், இன்றைக்கே எண்ணிவிடலாம் என்றார். அவர் எனக்காகப் பேசவில்லை, எனக்கு எதிராகவும் பேசவில்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது.

காலை ஒன்பதரைக்கு எண்ண ஆரம்பித்தார்கள். முத்தையா பேலைத் தொட்டுச் சொல்வார், முதலாளி கோடு போடுவார், அந்தம்மா திரையைப் பார்த்துச் சொல்வார். என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார்கள். எண்ணுகிற இடத்தில் எண்ணாமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். முதல் ரகம், ஒன்று குறைவு. இரண்டாவது, ஒன்று. பத்தாவது, ஒன்று. மத்தியானம் டீ வரும்போது முப்பத்திரண்டு ரகம் முடிந்திருந்தது. எல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று.

முப்பத்து மூன்றாவது ரகம், எட்டு அங்குலம், பத்து மீட்டர். அவ்வளவாகப் போகாத சரக்கு. திரையில் ஒன்பது. முத்தையா ஏழு என்றார்.

முதலாளி மறுபடி எண்ணச் சொன்னார். ஏழு. மேல் அடுக்கில் ஏறிப் பார்க்கச் சொன்னார். ஏழு. முதலாளி என்னைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுக்கவில்லை என்று சொல்ல எழுந்தேன். எடுக்கவில்லை என்பதை எண்ணிக் காட்ட முடியாது என்பது எனக்கு எழுந்த பிறகுதான் தெரிந்தது. திரும்ப உட்கார்ந்தேன்.

 அந்தம்மா லேப்டாப்பை மூடி முத்தையாவிடம் கொடுத்துவிட்டு, நேராக ஆபீஸ் அறைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். தான் உட்காரும் இடத்தில் விரித்திருந்த சாக்கை இழுத்தார். பேலின் பக்கவாட்டில் சீட்டு ஒட்டியிருந்தது. எட்டு அங்குலம், பத்து மீட்டர்.

முத்தையா தலையைச் சொறிந்தார். "நான்தான் முதலாளி போட்டேன். அக்காவுக்கு ஒக்கார எடம் இல்லயேன்னு. அண்ணாச்சி அப்பம் டீக்குப் போயிருந்தாவ."

மூன்று மாதமாக அந்தப் பேல் என் கண் முன்னால் இருந்தது. குடோனுக்குள் இருந்தால்தான் எனக்கு எண்ணத் தோன்றும் போலிருக்கிறது. ஆபீஸ் அறையில் ஆணிகளை மட்டும் எண்ணியிருக்கிறேன்.

அந்தம்மா பேலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது யாருக்காகன்னு நான் கேக்கல" என்றார். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. முதலாளி தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். எண் எதுவும் இல்லை. சாயங்காலம் நாலரைக்கு நாற்பத்தொன்றாவது ரகம் முடிந்தது. ஒன்று குறைவு. முதலாளி தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வருசா வருசம் நானும் எண்ணாமத்தானே போட்டேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

மறுநாள் கழித்தோம். புதியதில் கழிக்க வேண்டுமென்றால் காரணம் என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டும், காலியாக விட்டால் ஏற்காது. நனைந்தது, கிழிந்தது, திரும்பி வந்தது என்று பத்துக் காரணங்கள் அதில் இருந்தன. பதினொன்றாவதாக அந்தம்மா ஒன்றைச் சேர்த்தார்: 'பழைய புரோகிராமுக்காக வைத்தது.' நாற்பத்தொரு முறை அதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். மொத்தமாக ஒரே தடவையில் செய்ய வழி இருந்தது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு அங்குலம் சிவப்புக் கரை பூஜ்யம் என்று வந்து, மூடாமல் நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர், இரண்டு எண்ணும் இன்றைக்குப் பொருந்தவில்லை, இனிப் பழையதில் ஒன்றைக் கழித்துப் பொருத்திக்கொண்டு முப்பது நாளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்றார். முதலாளி வந்து நான்கு வரை எண்ணினார். தேதியைப் பத்து நாள் தள்ளி வாங்கினார்கள். வந்தவர்கள் எண்ணினார்கள். பொருந்தியது.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில், ரதவீதி ஓரத்தில். தெருமுனையில் இருந்த ஒரு குத்துக்கல்லைக் கடப்பாரை போட்டுப் பெயர்க்க நான்கு பேர் நின்றார்கள். அவர்கள் நடுவில் அந்தம்மா கைப்பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்ன கேட்டிருப்பார் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. என் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் ஏறும் வரை கல்லைப் பெயர்க்கவில்லை. பிறகு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

அதெல்லாம் ஆகிப் பதினோரு வருடம். போன மாதம் மதுரையிலிருந்து ஒருவர் போன் செய்தார். கம்பெனியின் புரோகிராம் பழசாகிவிட்டதாம். போனிலேயே ஓடுகிற மாதிரி மாற்றி எழுதுகிறாராம். காரணப் பட்டியலில் பதினொன்று இருக்கிறது, பத்துதான் புழக்கத்தில் இருக்கிறது, பதினொன்றாவது ஒரே நாளில் நாற்பத்தொரு தடவை வந்திருக்கிறது, அதற்குப் பிறகு வரவே இல்லை, எடுத்துவிடலாம் என்று பார்த்தால் புரோகிராமுக்குள் அதற்கு மேலே ஒரு குறிப்பும் என் நம்பரும் இருக்கின்றன என்றார். வாசிக்கச் சொன்னேன்.

"இந்தப் பேல்கள் காணாமல் போகவில்லை. இருந்ததே இல்லை. பூஜ்யம் தாங்காத பழைய புரோகிராமுக்காக வைத்தவை. வைத்தவர் சரியாக எண்ணுகிறவர். எடுக்கும் முன் அவரைக் கேட்கவும்."

இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். ஐந்து வாக்கியம்.

"எடுத்துரலாமா சார்?"

"காரணத்த எடுத்துருங்க. அந்தக் குறிப்பு இருக்கட்டும்."

"காரணமே இல்லாம குறிப்பு மட்டும் யாருக்காக சார்?"

இதுவரை என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இரண்டு பேர். எனக்காக என்று சொன்னேன்.